அப்பா சத்தமாகச் செய்த ஜெபம்

கிள்ளான்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் தாமரைக்கு, நம் ஆண்டவருடைய சமாதானம் உன்னைச் சூழ்ந்திருக்க வேண்டி அம்மா எழுதுவது.

முதலில், இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த ரேஷ்மாவின் காரில் ஏறு. துணிமணி கிடக்கட்டும். கார் கிளம்பிய பிறகு மீதியைப் படி. அவள் நேற்றே போனில் சொன்னபடி நீ இன்று கடை வேலைக்குப் போகாமல் இருந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நம் வீட்டில். நீ போனதிலிருந்து உன் வீட்டுக்காரர் யுகேந்திரனும் தவறாமல் வருகிறார். உன் கையை ஒடித்த மனிதரை இன்னும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது, பழக்க தோஷம். வாசல் பக்கம் உட்கார்ந்து கண்ணீர் விடுவார். சபையாருக்கு மனம் இளகிவிட்டது. மனந்திரும்பியவனை மன்னிக்கணும் சிஸ்டர் என்று எனக்கே புத்தி சொல்கிறார்கள். ஜெபிக்க வந்தவரைப் போகச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. நீ எங்கே என்று வாராவாரம் கேட்பார். நான் வாய் திறந்ததில்லை.

உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஆண்டவருக்கு ஒன்றுமே தெரியாதது போல விவரம் சொல்லித்தான் ஜெபிப்பார். நேற்று நெஞ்சுருகிப்போய், ஈப்போவில் பாசார் சந்தைக்குப் பின்னால் தையல் கடையில் வேலை செய்யும் என் மகளைக் காத்துக்கொள்ளும் என்று கூரை அதிர வேண்டினார். முழங்காலைக் கிள்ளினேன். எனக்கும் மனம் உருகிவிட்டது என்று நினைத்து இன்னும் சத்தத்தைக் கூட்டினார்.

எல்லோரும் ஆமென் சொன்னோம். வாசல் பக்கத்து ஆமென்தான் பெரிதாகக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த ஆமென் என் காதை விட்டுப் போகவில்லை, தாமரை. அரிசி களையும்போது கேட்கிறது. குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. தினமும் போர்ட் கிள்ளானுக்குப் போகும்போது அவருடைய லோரி நம் முனையில் ஹார்ன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைத் தாழிடுவேன். இன்று அது கேட்காதா என்று வாசல் கதவருகே நின்றேன். லோரி வரவில்லை.

அப்பாவைக் கோபிக்காதே. பாம்பைப் போல விவேகமாகவும் இருங்கள், புறாவைப் போலக் கபடில்லாமலும் இருங்கள் என்று ஆண்டவர் சேர்த்துத்தான் சொன்னார். இவருக்குப் புறா மட்டும்தான் வரும். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. ஜெபிக்க வாயைத் திறக்கிறார், மூடிக்கொள்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

ரேஷ்மா உன்னை எங்கே கொண்டுபோய் விடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லி அனுப்பாதே. பொய் சொல்ல எனக்கு இந்த வயதில் வராது. அவர் வந்து கேட்கும்போது, தெரியாது என்று நான் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இப்போதைக்கு உன் போக்கைக் காக்கட்டும், மகளே. வரத்தை நான் கேட்கமாட்டேன்.

அம்மா