கஞ்சி போட்ட அங்கி

ஜூலை 9, 1946
எஸெல் ஓட்டுப் போடப் போகிறானாம். கவர்னர் தேர்தலில் கறுப்பர்களும் போடலாமென்று கோர்ட் சொன்னாலும் சொன்னது, என் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெர்மன்காரன் குண்டுக்குத் தப்பி வந்தது இவனுங்க கையால சாகவா?" என்றேன். "அங்க எதுக்குடி சண்டை போட்டேன்?" என்று சிரிக்கிறான். சோள ரொட்டியை நங்கென்று வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 12
நான் துணி வெளுக்கும் வெள்ளைக்காரர் ஹார்ட்விக் வீட்டு அழுக்குக் கூடையின் அடியில் வெள்ளை அங்கி. கண்ணுக்கு ஓட்டை வைத்த முகமூடி. எங்களைக் கொளுத்துகிற கூட்டத்தின் உடுப்பு. அதையும் என்னிடமே வெளுக்கப் போடுகிறார்கள். எனக்கும் கண் இருப்பது அவர்களுக்குத் தோன்றாது போல.
"கஞ்சி நல்லா விறைப்பா இருக்கணும் லவோனியா, தேர்தலன்னிக்கு வேணும்" என்றாள் அந்த வீட்டு அம்மா. "சரிங்கம்மா." வேறென்ன சொல்ல?
இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து, அங்கியின் வலது கைமுனை பழுப்பாகத் தீய்ந்துவிட்டது. தீய்ந்தது வெளியே தெரியாதபடி மடித்துக் கொடுத்தேன்.
எஸெலிடம் சொன்னேன். "மூஞ்சிய மூடிக்கிட்டு வர்றவன்தாண்டி பயந்தவன்." வாய்க்கொழுப்பு!

ஜூலை 17
போட்டுவிட்டான். எங்கள் ஆட்களில் அவன் ஒருவன்தான்.

ஜூலை 18
நேற்று பொழுது சாயும்முன், அங்கியும் முகமூடியுமாக வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு — "எந்தக் கையிலடா போட்ட?" கோடாரிக் காம்பால் அந்தக் கையை ஒடித்தான் ஒருவன். பிறகு தலையில். திரும்பத் திரும்பத் தலையில். என் முடியைப் பிடித்துப் பார்க்க வைத்தார்கள். பார்த்தேன். காம்பைப் பிடித்த கையில், துணியின் முனையில், நான் தீய்த்த பழுப்பு.
ஐயோ, நான் வெளுத்துக் கொடுத்த துணிடா அது!
எஸெல் போய்விட்டான்.

ஜூலை 20
அடக்கம். "யாருன்னு தெரியுமா?" என்று ஊர்ப் போலீஸ் தலைவர் ஷெரிஃப் கேட்டார். இவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவரோ என்று அவர் கைமுனையைப் பார்த்தேன். "தெரியாதுங்க ஐயா."
தேர்தலில் அவர்கள் ஆள்தான் ஜெயித்தானாம்.

ஜூலை 22
திங்கட்கிழமை. கூடை வந்தது. அதே அங்கி, மார்பெல்லாம் ரத்தம். "எங்க வீட்டுக்காரரு மான் வேட்டைக்குப் போனாரு. கறை தெரியக் கூடாது" என்றாள் அந்த அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். ஜூலையில் என்ன மான்? வேட்டைக்குக் குளிர்காலம் வரணும்.
ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. அண்டா நிறையக் கொதிக்க வைத்தேன்.

ஜூலை 23
ரயிலில் எழுதுகிறேன். சிகாகோவில் அக்கா இருக்கிறாள்.
வெளுத்ததைக் கொடுக்காமல் வரவில்லை. ஹார்ட்விக் வீட்டு முன்வேலியில், கடைத்தெருவைப் பார்க்க அந்த அங்கியை விரித்துக் கட்டிவிட்டு வந்தேன். மார்புக் கறை அப்படியே இருந்தது. கஞ்சி மட்டும் அந்த அம்மா கேட்டபடி, நல்ல விறைப்பு.