சிவப்பு மூடி, நீல மூடி

14-9-1987, திங்கள்

பூந்தமல்லியில் பஸ் உடனே கிடைத்தது. எட்டேகாலுக்கே நசரத்பேட்டை ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். எலிகள் பதினாறும் நலம்.

இன்று முதல் சுற்றின் முடிவைப் பிரித்துப் பார்த்தோம். சிவப்பு மூடிப் புட்டியில் மருந்து, நீல மூடியில் வெறும் உப்புநீர். இது இதுவரை எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் முறை. சிவப்பு எலிகள் சராசரி எழுபத்தொரு நிமிடம் தூங்கியிருக்கின்றன, நீலம் நாற்பத்தொன்பது. ஆய்வை நடத்தும் சாமுண்டீஸ்வரி கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் மதுரையில் விரிவுரையாளர் வேலை அவருக்கு என்று பேச்சு.

தூங்குகிற முயலின் ரத்தத்தில் முதன்முதலாகக் கண்ட பெப்டைடு அது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. பதறிப்போன எலியை அது தூங்க வைக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. வைக்கிறது போலிருக்கிறது. கல்லூரியில் முப்பத்தொரு வருடம் உப்புகளோடு இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒன்றில் என் கையும் பட்டிருக்கிறது. நம்பத்தான் முடியவில்லை.

22-9-1987, செவ்வாய்

உறுதிப்படுத்த இரண்டாம் சுற்று. புது எலிகள். சிவப்பு 69, நீலம் 50. அதே போக்கு.

1-10-1987, வியாழன்

ஆயுத பூஜை. எலிகளுக்கு விடுமுறை இல்லாததால் எனக்கும் இல்லை. தராசுக்குச் சந்தனம் வைத்திருந்தாள் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னியம்மாள். கூண்டுகளுக்கும் ஒவ்வொரு பொட்டு. “எலிக்கு வெக்கல சாரு, கூண்டுக்குத்தான் வெச்சேன். அதுங்க நக்கிடும்” என்றாள்.

வழக்கம்போல எட்டரைக்கு முதல் எட்டு எலிகள். பதற வைக்க அரை மணி நேரம் குழாய்க்குள் அடைப்பு, ஊசி, பிறகு இரண்டு மணி நேரம் கண்ணாடி வழியே பார்த்து நிமிடத்துக்கு ஒரு குறி. பதினொன்றேகாலுக்கு அடுத்த எட்டு. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

ஆனால் நீலம் 70.

ஊசியை மாற்றிவிட்டேனா? புட்டிகளைப் பார்த்தேன். மாற்றவில்லை. வெப்பமானி சரி. தீவனம் அதே மூட்டை. என்ன செய்தேன் நான்?

இரண்டு மணிக்குக் கன்னியம்மாள் அவசரமாகத் தூக்குவாளியைத் திறந்தாள். “இன்னிக்கு பக்கத்து ஃபவுண்டரில சங்கு ஊதல சாரு. அதான் சோத்து நேரமே தெர்ல.”

2-10-1987, வெள்ளி

காந்தி ஜெயந்தி. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி இன்றும் மூடல், சங்கும் இல்லை. நீலம் 68.

3-10-1987, சனி

சங்கு பதினொன்றரைக்கு ஊதியது. இன்று அதற்காகவே குழாய்களின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு எலிகளும் விறைத்துப் போயின. மீசை மயிர்கூட அசையவில்லை. பன்னிரண்டாம் எண் சிறுநீர் கழித்துவிட்டது. நீலம் 48.

இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. தினமும் ஊதுகிற சங்கு என் காதில் விழுவதே இல்லை. எலிகளுக்கு விழுகிறது. சிவப்பு எலிகளைக் காலையில் எடுத்தேன், அவற்றுக்குச் சங்குக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். நீல எலிகள் ஒவ்வொரு நாளும் சங்கு ஊதும்போது குழாய்க்குள். தூக்கத்தைக் கொடுத்தது பெப்டைடு இல்லை. கெடுத்தது சங்கு.

எழுதத்தான் வேண்டும். எனக்கு நானே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது. ஒவ்வொரு வேளையும் சிவப்பு நாலு, நீலம் நாலாகக் கலந்து எடுக்கவும் என்று சாமுண்டீஸ்வரி சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். முதல் நாளே படித்தேன். கலந்தால் எந்த ஊசி எந்த எலிக்கு என்று தடுமாறிவிடுவேனோ என்று பயம். ஒன்றிலிருந்து எட்டு, ஒன்பதிலிருந்து பதினாறு, வரிசையாக எடுத்தால் தப்பே வராது என்று நினைத்தேன். ‘முறைப்படி செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் தினமும் டிக் போட்டேன்.

6-10-1987, செவ்வாய்

சொல்லவில்லை. இரண்டு தடவை அவர் மேசைவரை போனேன். முதல் தடவை மை இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாம் தடவையும் மைதான் கேட்டேன்.

அவர் மூன்றாம் அத்தியாயத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? இதே கேள்வியை 1958-இல் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். செய்முறைத் தேர்வன்று உப்புக் குப்பியில் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டேன். பாஸ்கரன் என்ற பையன் கண்டுபிடித்த விடை சரி, குப்பி தப்பு. தோற்றுப்போனான். நான் வாயே திறக்கவில்லை. அவன் பெயர் இன்னும் மறக்கவில்லை, முகம்தான் மறந்துவிட்டது.

என் மனைவி சொர்ணம் காபியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “எலி எத்தினி நிமிஷம் தூங்குச்சின்னு எழுதறீங்க. நீங்க தூங்கி நாலு நாளாச்சி. அத யாரு எழுதறது?”

7-10-1987, புதன்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“சுவத்துல எழுதி ஒட்டியிருந்தேனே சார்.”

“படிச்சேம்மா. ஊசி மாறிடும்னு பயந்து...”

“எத்தனை நாளா?”

“மொத நாள்லேர்ந்து.”

தட்டச்சாகி வந்த தாள்கள் மேசைமேல் இருந்தன. அவற்றை அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, மேலே ஒரு காலிப் புட்டியை வைத்தார். கோபித்திருந்தால் தேவலை. “நீங்க வீட்டுக்குப் போங்க சார்” என்றார், அவ்வளவுதான்.

9-10-1987, வெள்ளி

நேற்றும் இன்றும் போகவில்லை. இனி எப்படிப் போவது? யாரும் வரச் சொல்லவில்லையே.

மாலை கன்னியம்மாள் வந்தாள். பூந்தமல்லியில் பஸ் மாறுகிற வழியில் எட்டிப் பார்த்தாளாம். சொர்ணம் கொடுத்த மோரை நின்றபடியே குடித்தாள்.

“இன்னா சாரு, ஊட்ல குந்திகினு கீறீங்க? அந்தப் பொண்ணே இப்ப ஊசி போடுது. கடி வாங்கிக்கினு ரெண்டு வெரல்ல கட்டு. நேத்திக்கு கொஞ்ச நேரம் அழுதுச்சி, அப்பால மூஞ்சி கழுவிக்கினு வந்து எலியெல்லாம் எடை போட்டுச்சி.”

அவர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

“ஒண்ணியும் சொல்லல. உங்க கோட்ட மட்டும் தொவைக்கச் சொல்லிக் குடுத்துச்சி. போவச் சொல்றவங்க கோட்ட இன்னாத்துக்கு தொவைக்கிறாங்க? திட்டுனா வாங்கிக்கோங்க சாரு. வயசானா திட்டு வாங்கக் கூடாதா இன்னா?”

12-10-1987, திங்கள்

போனேன். கோட்டு ஆணியில் மாட்டியிருந்தது, வெளுத்து, இஸ்திரி போட்டு.

முதலிலிருந்து தொடங்குகிறோம். புது எலிகள், புதுக் குறியீடு. இனி எந்த எலி எந்த வேளை என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். பவுடர் டப்பாவில் பதினாறு சீட்டு. தினமும் கன்னியம்மாள் எடுப்பாள், சாமுண்டீஸ்வரி எழுதிக்கொள்வார், நான் செய்வேன். என்னிடம் வேலை தவிர வேறெதுவும் பேசவில்லை. திட்டவும் இல்லை.

ஊசிகளில் எலியின் எண்ணை ஒட்டிக்கொண்டேன். மாறவில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

19-11-1987, வியாழன்

மதுரை வேலைக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்களாம். கன்னியம்மாள்தான் சொன்னாள். சாமுண்டீஸ்வரி காலையிலிருந்து புட்டி கழுவினார். கழுவ வேண்டிய புட்டிகள் அத்தனை இல்லை. பக்கத்தில் நின்று துடைத்து வைத்தேன். 

11-1-1988, திங்கள்

குறியீட்டைப் பிரித்தோம். சிவப்பு 60, நீலம் 59.

வித்தியாசம் இல்லை. மருந்து எங்கள் எலிகளுக்கு எதுவும் செய்யவில்லை. வேறு சில கூடங்களிலும் இப்படித்தான், ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வருவதில்லை என்று சாமுண்டீஸ்வரி சொன்னார். கணக்கை இன்று ஒரே ஒரு முறைதான் போட்டார். ஆனால் வேளையை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, சங்குக்கு அகப்பட்ட எலிகள், சிவப்போ நீலமோ, இருபது நிமிடம் குறைவாகவே தூங்கியிருந்தன. அதன் கீழே இரண்டு கோடு போட்டார். ஆய்வேட்டை இதிலிருந்து எழுதப்போகிறாராம். இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன், என்னால் உங்களுக்கு நிறைய நஷ்டம் என்று சொன்னேன். இதைப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

நிமிர்ந்தார். “அடுத்த வருஷமும் வரணும் சார். சீட்டு டப்பா மட்டும் கன்னியம்மாகிட்டயே இருக்கட்டும். உங்க கையில குடுத்தா அதையும் ஒண்ணு, ரெண்டுன்னு அடுக்கி வெச்சிடுவீங்க.”

கன்னியம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

பதினொன்றரைக்குச் சங்கு ஊதியது. மூன்று பேரும் தலையைத் தூக்கினோம்.