திரையில் தொண்ணூற்று மூன்று

இன்று காலை ஸ்டோரில் ஒரு டிரம் உடைந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பின்னால் பார்க்காமல் எடுத்ததில் மூடி தெறித்து, சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் தரை முழுக்க ஓடின. கூட்ட வந்த அம்மா பழக்கத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டார். மணிகள் சீறின. அள்ளப் போனவர், "ஐயே, நெருப்பாட்டம் சுடுதுமா" என்று கையை உதறினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நீ அந்த மணிகளில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, நான் என்ன ஏதென்று கேட்பதற்குள் அதன் மேல் துப்பினாய். சுரீரென்றது. "ஏட்டி, கூறுகெட்டவளே" என்று நான் கத்த, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எச்சிக்கே இம்மாம் கோவம் வருது பாரு. தண்ணி உள்ள பூந்துச்சின்னா அவ்ளோதான், மிசினு காலி" என்றாய். நம் கம்பெனி செய்யும் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் உயிரே அந்த மணிகள்தான். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனை வெளியே விடும். ஈரம் ஏறினால் செத்துப்போகும். ஆனால் இயந்திரம் நிற்காது, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெளியே வருவது மட்டும் நாளுக்கு நாள் வெறும் காற்றாகிக்கொண்டே போகும். இதை ட்ரெய்னிங்கில் மூன்று நாள் படம் போட்டுச் சொன்னார்கள். என் மண்டையில் ஏறியது உன் எச்சில்தான். ஏறி என்ன பிரயோஜனம்.

நமக்குக் கிடைத்த இடம் கீழே அசெம்பிளி லைனில் இல்லை, முதல் மாடியில், வெளிநாட்டு சர்வீஸ் டெஸ்கில். ஆப்பிரிக்காவில் எங்கெங்கோ இருக்கும் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு நம் இயந்திரங்கள் தானமாகப் போய் நின்றன. தானம் கொடுத்தவர்கள் ரிப்பன் வெட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். பழுதானால் அங்கே இருக்கும் ஒற்றை டெக்னீஷியன் ஒரகடத்தில் இருக்கும் நம் டெஸ்குக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேரோடு ஓர் அறையில் முடங்கிக் கிடந்தவள். நீ பிள்ளைப்பாக்கத்துக்காரி. கம்பெனி பஸ்ஸில் வரும்போது வெளியே கைகாட்டி, "அந்த செக்யூரிட்டி ரூமு கீதே, அங்கதான் எங்கப்பா எருமைய கட்டுவாரு" என்பாய். வருத்தமெல்லாம் இல்லை, பஸ்ஸில் இருக்கும் மற்றப் பெண்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்வாய்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. உனக்கு வாய் அதிகம். என் பேச்சை நடித்துக் காட்டி டெஸ்க் முழுவதையும் சிரிக்க வைப்பாய். புதிதாக வந்த ஒருத்தியை, இங்கிலீஷில் திக்கியதற்காக, அழ விட்டிருக்கிறாய். ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் உன்னைப்போல் இன்னொருத்தி கிடையாது. அந்த டெக்னீஷியன்களை வீடியோவில் கூப்பிட்டு, போனை இயந்திரத்துக்குள் நுழைக்கச் சொல்லி, ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்க்கச் சொல்வாய். ஒவ்வொரு புகாருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட் விழும், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்து மூட வேண்டும் என்பது விதி. மூடாவிட்டால் நம் பெயருக்கு எதிரே போர்டில் சிவப்பு விழும். உன் பெயருக்கு எதிரேதான் சிவப்பு அதிகம்.

என் பாஸ்வேர்டு மாதத்துக்கு இரண்டு முறை பூட்டிக்கொள்ளும். ஐ.டி.காரர்கள் திறந்துவிட ஒரு நாள் ஆக்குவார்கள். டிக்கெட் அதுவரை காத்திருக்காது. அதனால் யார் லாகினில் யார் வேண்டுமானாலும் போய் மூடுவது டெஸ்கில் வழக்கமாகிவிட்டது. உன் பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். உன் அண்ணன் மகள் பெயர், கூடவே அவள் பிறந்த வருடம்.

அந்த அழைப்பு வந்தபோது நீ கீழே டெஸ்டிங்கில் இருந்தாய். மலைப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றின் டெக்னீஷியன். நம் எல்லோரையும் சிஸ்டர் என்றே கூப்பிடுபவர். அங்கே நல்ல மழைக்காலம். ஆக்ஸிஜனின் சுத்தம் தொண்ணூற்று மூன்று சதவீதம் காட்ட வேண்டிய திரை எழுபத்தெட்டு காட்டுகிறது, அலாரம் விடாமல் அடிக்கிறது, வார்டில் பயப்படுகிறார்கள் என்றார். செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். சுத்தம் தெரிந்த ஒரு சிலிண்டரிலிருந்து வாயுவை, சுத்தத்தை அளக்கும் சென்சாருக்குக் காட்டி, சென்சார் பொய் சொல்கிறதா, மணிகள் செத்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். அந்த சிலிண்டர் அவரிடம் இல்லை. அவர்கள் நாட்டுத் தலைநகரத்திலிருந்து வர நாலு நாள் ஆகும். டிக்கெட் முந்தின நாளே பதிவானது, அதை மூட எனக்கு இரண்டு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. பெரும்பாலும் சென்சார்தான் பொய் சொல்லும் என்று டெஸ்கில் எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டேன். "உங்கள் இயந்திரத்தில் வரும் வாயுவையே சென்சாருக்குக் கொடுங்கள், தொண்ணூற்று மூன்று என்று செட் பண்ணுங்கள்" என்றேன்.

செய்தார். அலாரம் நின்றது. உள்ளே என்ன வந்தாலும் அதைத் தொண்ணூற்று மூன்று என்று நினைத்துக்கொள் என ஒரு கருவிக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். அவர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பி, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் சிஸ்டர் என்று எழுதினார். அன்று என் லாகின் பூட்டியிருந்தது. உன் பெயரில் டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மூன்று வாரம் கழித்து அவருடைய செய்தி உன் ஷிப்டில் வந்தது. புகார்கூட இல்லை, ஒரு சந்தேகம். மெஷின் நன்றாக இருக்கிறது, தொண்ணூற்று மூன்று காட்டுகிறது, ஆனால் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறவில்லை, டாக்டர் இந்தக் குழந்தைகள் பலவீனமானவை என்கிறார், வேறு ஏதாவது இருக்குமா என்று கேட்டிருந்தார். நீ உடனே வீடியோவில் கூப்பிட்டு ஃபில்டரைக் கழற்றச் சொன்னாய். உள்ளே வெள்ளையாக மாவு அப்பியிருந்தது. மணிகள் நனைந்து பொடிந்த மாவு. எந்த வாயுவை வைத்து செட் பண்ணினீர்கள் என்று கேட்டாய். அவர் தான் கற்றுக்கொண்டதைப் பெருமையாகச் சொன்னார். இயந்திரத்தை நிறுத்தி எங்கிருந்தாவது சிலிண்டர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் எதிரில் வந்து நின்றாய்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற?"

"நான் என்னத்தச் செஞ்சேன்?"

"மிசினு வுடுற கேஸையே குடுத்து செட் பண்ண சொல்லிகீற. என் பேர்ல மூடி வேற வச்சிகீற. மூணு வாரமா அந்தக் கொயந்தைங்க வெறுங்காத்த இஸ்துகினு கெடந்துகீதுங்கடி."

"சென்சார்தான்னு நெனச்சேன்ட்டி."

"நெனச்சியா? சரி, துன்னு. நல்லா துன்னு."

நீ போய்விட்டாய். நான் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

இரண்டு நாளில், அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு விளக்கம் கேட்டு, தானம் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. மானேஜர் அறையில் நம் இருவரையும் உட்கார வைத்தார்கள். டிக்கெட்டில் இருந்தது உன் பெயர். நீ ஒன்றும் தியாகி வேஷம் போடவில்லை, நேராகவே சொன்னாய். "சார், அது நான் இல்ல. இவ என் லாகின்ல போய் மூடினா. பக்கத்துலதான கீறா, கேளுங்க." மானேஜர் என்னைப் பார்த்தார். "இல்லை சார்" என்றேன். அந்த மாதம் வேலை நிரந்தரமாக்கப்பட இருந்தவர்களின் பட்டியலில் என் பெயர் இருந்தது, ஊரில் தம்பி படித்துக்கொண்டிருந்தான், அப்பாவுக்கு வாதத்தில் கை விழுந்திருந்தது. காரணங்களுக்கென்ன, உனக்கும்தான் இருந்தன. நீ கத்துவாய் என்று நினைத்தேன். உனக்குத்தான் வாய் அதிகமாயிற்றே. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பாஸ்வேர்டை இன்னொருத்திக்குக் கொடுத்ததாக நீயே ஒத்துக்கொண்டாய், அதுவும் குற்றம்தான் என்று சேர்த்து எழுதிக்கொண்டார்கள். அன்று மதியமே உன்னை அனுப்பிவிட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி உன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்த பிறகே உன்னை வெளியே விட்டதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

சில மாதம் கழித்து சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் உன்னைக் கண்டேன். நீ வேறு ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தாய், கழுத்தில் வேறு நிற அடையாள அட்டை. நான் போனைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். நீயே பக்கத்தில் வந்தாய்.

"பயப்படாத, அடிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த டெக்னீஷியன் ஆளு கத்துக்கினத தன்னோட வச்சிக்க மாட்டான். அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் சொல்லி குடுத்திருப்பான். அவங்களுக்கு போன் போட்டியா?"

"போட்டுட்டேன்."

"மெய்யாலுமே?"

"மெய்யாத்தான்ட்டி. எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

ஒரு ஆஸ்பத்திரிக்குக்கூட நான் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிட்டால் யார் சொல்லிக் கொடுத்தது என்ற பேச்சு வரும், அது என்னிடம் வந்து நிற்கும். அவ்வளவு பெரிய பொய்யை ஒரு முறை உன் எதிரிலேயே சொன்னவளை நீ மறுபடியும் எப்படி நம்பினாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "சரி. உன் மூஞ்சிய பாக்கவே எனக்கு புடிக்கல. ஆனா அத செஞ்சியே, அது வரைக்கும் சரி" என்றாய். உன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாய். நம் கடைசிப் பேச்சு அதுதான்.

அடுத்த மாதம், முதல் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்த உன்னை வல்லக்கோட்டைத் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. இந்த ரோட்டில் வாரத்துக்கு வாரம் யாராவது சாகிறார்கள், அன்று நீ. மாலை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். எந்த முகத்தோடு என்று கேட்பாய். இதே முகத்தோடுதான். உன் அம்மா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ அவகூடவே வேலை செஞ்சவ, நீ சொல்லும்மா. எம் பொண்ணு செஞ்ச தப்பால கொயந்தைங்க செத்துச்சின்னு ஊர்ல பேசிக்கிறாங்க. மெய்யா?"

சுற்றிலும் உன் சொந்தக்காரப் பெண்கள், எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, அழாதீங்க" என்றேன். உன் அம்மா மெல்ல என் கைகளை விட்டார். ஆமாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. கும்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

இப்போது டெஸ்குக்கு நான்தான் டீம் லீடு. போன வாரம் மானேஜர் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னேன். யார் டிக்கெட், யார் லாகின், யார் பொய். அவர் கேட்டுவிட்டு, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? முடிஞ்ச விஷயம். அந்தப் பொண்ணும் இல்ல" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அம்மாவிடம் நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உன் அம்மாவிடம் இன்னும் போகவில்லை. போக வேண்டும், கால் வரவில்லை. அந்த நாட்டில் நம் இயந்திரம் இருக்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏன் இப்போது மட்டும் நல்லவளானாய் என்று கேட்பாய். ஆகவில்லை. மானேஜரிடம் சொன்னதற்கு முந்தின நாள் அதே நாட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், வேறொரு ஆஸ்பத்திரியின் டெக்னீஷியன். கம்ப்ரெஸர் பெல்ட் தேய்ந்து கிறீச்சிடுகிறது என்றாள். பேச்சுவாக்கில் சுத்தம் எவ்வளவு என்று கேட்டேன். எப்போதும் தொண்ணூற்று மூன்றுதான், திங்கள்கிழமைதோறும் செட் பண்ணிவிடுவோம் என்றாள். எந்த வாயுவை வைத்து? "மெஷினில் வருவதையே வைத்து. எங்கள் சீனியர் ஒருவர் பயிற்சியில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். இந்தியாவில் ஒரு சிஸ்டர் அவருக்குக் கற்றுத் தந்தாராம்."

சொன்னேன். அது தப்பு, அந்த சிஸ்டர் நான்தான், முதலில் வார்டை சிலிண்டருக்கு மாற்று என்றேன். அவள் ஓடினாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. திட்டுவாள், இல்லை போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வார்டின் இறப்பு ரெஜிஸ்டரைக் கையோடு எடுத்துவந்திருந்தாள். ஒரு பெயரை வாசித்தாள், வயதைச் சொன்னாள். "இவனுமா, சிஸ்டர்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். மணிகள் எந்த நாளில் செத்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றேன். அவள் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பெயர், அடுத்த வயது. "இவளுமா?" குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்றேன். அந்தப் பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை, அதனால் ஒன்றுகூட நினைவில் இல்லை. வயதுகள் மட்டும் இருக்கின்றன. பதினொரு நாள். நாலு மாதம். இரண்டு வயது. மறுபடியும் நாலு மாதம்.