‘தொடாதே’ என்று எழுதிய வரி

மார்ச் 3, திங்கள்

வெளியில் சொன்னால் மானம் போகும். ஏற்கெனவே போய்விட்டது என்றாலும், முழுக்கதையை இங்கே மட்டும் சொல்கிறேன்.

காலைக் கூட்டத்தில் புது மேலாளர் திரையில் ஒரு கோப்பைத் திறந்தார். எங்கள் பில்டின் செட்டிங்ஸ் கோப்பு. ஆறாயிரம் கோப்புகளில் எழுதிய நிரலைக் கம்பைலர் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்குவப்படுத்த வேண்டும். லிங்கர் அத்தனையையும் சேர்த்து ஒரே மென்பொருளாக்க வேண்டும். இந்த மொத்த வேலைக்கும் பெயர் பில்ட். தையற்கடை மாதிரிதான். ஒருவன் கை, காலர், பை என்று தனித்தனியாகத் தைத்துப் போடுவான், இன்னொருவன் இணைத்துச் சட்டையாக்குவான். அளவுச் சீட்டு இந்தக் கோப்பு. சீட்டுக்குச் சொந்தக்காரன் நான்.

அதில் நாற்பத்திரண்டாவது வரிக்கு மேலே ஒரு குறிப்பு: “இதைத் தொடாதே. காரணம் எனக்குத் தெரியும்.”

“இது என்ன?” என்றார் மேலாளர்.

எழுந்தேன். இருபது நிமிடம் பேசினேன். நினைவகம் என்றேன், வரிசை என்றேன், ‘அந்தக் காலத்து லிங்கர்’ என்று பெருமூச்சுகூட விட்டேன். கடைசியில், “எவனோ ஒரு அரைவேக்காடு எழுதி வெச்சிட்டு ஓடிட்டான் சார்” என்று முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்காமல் ஒரு விசையைத் தட்டினார். எழுதியவர் யார் என்று திரை சொன்னது.

என் பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

பேசும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்ப்பதால் மேலாளருக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பெயர் வைத்தேன். மதியத்துக்குள் தளம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த விஷயத்தில் என் வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். “ஒரு பில்டுக்கு நாலு மணி நேரம் பத்து நிமிஷம் ஆகுது. இருபத்தெட்டாந்தேதிக்குள்ள ஒரு மணி நேரத்துக்குக் கீழ வரணும்.”

“முயற்சி பண்றேன் சார்.”

“பில்டுக்கு ஒருத்தர், மெஷின் ரூமுக்கு ஒருத்தர். ரெண்டு பேர் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. ஒருத்தர் போதும்னு எனக்கும் தோணுது.” மணிக்கட்டைப் பார்த்தார். கூட்டம் முடிந்ததாம்.

மெஷின் ரூமில் இருப்பவருக்கு நான் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். சர்வர்களோடு குளிரில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். வருடத்துக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். தினமும் மதியம் பன்னிரண்டரைக்குக் காணாமல் போய் ஒன்றரைக்கு வருவார். எங்கே போகிறார்? ‘சின்ன வீடு’ என்று மூன்று வருடத்துக்கு முன் நான்தான் கிளப்பிவிட்டேன். ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் இருந்தால் அது வதந்தியா?

ஒருத்தர் போதும். அவரா, நானா?

ஐம்பத்தோரு வயதில் நான் எங்கே போய் நிற்பேன்?

மார்ச் 6, வியாழன்

வேலையைத் தொடங்கிவிட்டேன். நாற்பத்திரண்டாம் வரியைத் தவிர எல்லாவற்றையும் தொட்டாயிற்று. கம்பைலர் நிரலை ரொம்ப மெனக்கெட்டுச் செதுக்க வேண்டாம் என்று ஒரு உத்தரவு. பழைய லிங்கருக்கு ஓய்வு கொடுத்துப் புது லிங்கர். எட்டு எட்டாகத் தைத்தவை இனி பதினாறு பதினாறாக.

மூன்று மணி ஐம்பத்தெட்டு! பன்னிரண்டு நிமிடம் மிச்சம். ஒரு பிழைகூட வரவில்லை. மற்றவர்கள் இந்த மாதிரிக் கோப்புகளில் ஒரு காற்புள்ளியைத் தள்ளி வைத்தால் லிங்கர் ஊரைக் கூட்டும். என் கை பட்டால் வாய் திறப்பதில்லை. கைராசி!

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் லேசில் நம்பமாட்டாள்.

“ஏங்க, நாங்க எதையாவது சோதிச்சா பக்கத்துல ஒண்ணுமே போடாத குழாய் ஒண்ணு வெச்சிருப்போம். அப்பத்தானே எதனால மாறுச்சுன்னு தெரியும்? உங்ககிட்ட அந்தக் குழாய் எங்க?”

“இந்த வீட்டுல நான்தான் அந்தக் குழாய்” என்றேன்.

சிரித்தாள். ஆனால் பதில் வரும் வரை கேள்வியை மடித்து வைத்துக்கொள்ளும் ரகம் அவள்.

மார்ச் 7, வெள்ளி

நான்கு மணி பதினான்கு நிமிடம்.

நேற்றைவிட மூன்று உத்தரவு அதிகம் போட்டிருக்கிறேன். ஏன் கூடியது? லிங்கருக்கு என் மேல் என்ன கோபம்?

மார்ச் 10, திங்கள்

உட்கார முடியவில்லை. திரையில் எண்கள் ஓடுகின்றன — 2,114 / 6,000 — நான் எழுந்து ஜன்னல் வரை போகிறேன், வருகிறேன், 2,131. ஐந்து காபி. வலது முழங்கால் தன்னால் ஆடுகிறது. பக்கத்து மேசைப் பெண், “சார், தரை அதிருது” என்றாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஊமைக்கோட்டான் வந்து என் மேசை அருகே நின்றார். மூன்று மாதத்தில் முதல் முறை.

“சார், அந்த பில்ட் மெஷின் ரொம்பச் சூடாகுது. நான் ஒண்ணு —”

“அப்புறம் சொல்லுங்க. இப்ப மூச்சு விட நேரமில்ல.”

தலையாட்டிவிட்டுப் போனார். உளவு பார்க்க வந்தாரோ?

மார்ச் 11, செவ்வாய்

ஐம்பத்திரண்டு நிமிடம்!!

மறுபடி ஓட்டினேன். ஐம்பத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி. ஐம்பத்திரண்டு.

நேற்று கடைசியாகப் போட்ட ஏழாவது மாற்றம்தான் காரணம். வேறென்ன? நான் ஒரு மேதை. இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆனது என் அடக்கத்தால்.

மார்ச் 12, புதன்

எல்லோர் முன்னாலும் ஸ்டாப்வாட்ச் கை கொடுத்தார். ஏழு மாற்றங்களையும் படம் போட்டு விளக்கினேன். பின்வரிசையில் ஊமைக்கோட்டானும் இருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் மெதுவாகக் கை தட்டினார்.

அந்தக் கைதட்டல் மட்டும் ஏன் காதிலேயே நிற்கிறது?

மார்ச் 13, வியாழன்

மெஷின் ரூம்காரருக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியோடு சரி.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. பொய் சொல்வானேன்?

மாடிப்படியில் இறங்கும்போது கீழ்ப்படியில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த வாயில் அத்தனை வார்த்தைகளா என்று நின்றுவிட்டேன்.

“நீல டப்பா இல்லம்மா, அது ராத்திரி மாத்திர. மேல தடவிப் பாரு, மூடி சொரசொரன்னு இருக்கும், அதான் மத்தியானத்துது. அடுப்பப் பத்த வெக்காத. நான் பன்னெண்டரைக்கு வந்துருவேன்ல.”

அவர் மனைவிக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறதாம். வரவேற்பறைப் பெண் சொன்னாள். அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. தினமும் போய்ச் சோறு எடுத்துப் போட்டுவிட்டு வருகிறார். இவ்வளவு பக்கத்தில் இன்னொரு வேலை அவருக்கு எங்கே கிடைக்கும்?

“சின்ன வீடுன்னு எவனோ கதை கட்டிவிட்டான் சார், கட்டையில போறவன்” என்றாள்.

“ச்சே” என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி கேள்வியைப் பிரித்து விரித்தாள். “அந்த ஒண்ணும் போடாத குழாய வெச்சுப் பாத்தீங்களா?”

அவள் வாயை அடைக்கத்தான் செய்தேன். காலையில் முதல் வேலையாக ஏழு மாற்றங்களையும் எடுத்துவிட்டு, பழைய செட்டிங்ஸோடு பில்டை ஓட்டினேன். நான்கு மணி பத்து நிமிடம் வர வேண்டும்.

ஐம்பத்திரண்டு நிமிடம்.

இன்னொரு சோதனை. கோப்பின் நடுவில் என் மாமனார் குறட்டையை எழுத்துக்கு எழுத்து எழுதி வைத்தேன். ‘கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்.’ எந்தக் கம்பைலரும் இதைப் பார்த்தால் ரத்தம் கக்கும். ஓட்டினேன். ஐம்பத்திரண்டே நிமிடத்தில், பிழை ஏதுமின்றி, தாயும் சேயும் நலம் என்று பில்ட் முடிந்தது.

இந்தக் கோப்பை யாருமே படிக்கவில்லை. நான் என்ன எழுதினாலும் கம்பைலருக்கும் தெரியாது, லிங்கருக்கும் தெரியாது. அதனால்தான் ஒரு பிழைகூட வரவில்லை. கைராசியாவது, மண்ணாங்கட்டியாவது! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது. அந்தக் காக்கைக்குக் கூட்டம் போட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

சொல்லிவிடலாமா? சொன்னால் கடிதம் எனக்கு வரும்.

மார்ச் 17, திங்கள்

மெஷின் ரூமுக்குப் போனேன். குளிரில் பல் கிட்டியது. அவர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

“அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே.”

“அதுவா. வைரஸ் ஸ்கேனர் சார். பில்ட் ஒவ்வொரு கோப்ப எழுதுறப்பவும் அது திறந்து மோந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஆறாயிரம் கோப்பு, அதுல வர்ற துண்டு துணுக்கு எல்லாத்தையும். மெஷின் சூடானதே அதாலதான். அந்த போல்டர மட்டும் விட்டுருன்னு சொல்லிட்டேன்.”

“எப்ப?”

“போன திங்கக்கிழமை சாயங்காலம். ரெண்டு நிமிஷ வேல.”

“அப்ப... கூட்டத்துல ஏன் சொல்லல?”

“நீங்க அவ்வளவு ஆசையா படமெல்லாம் போட்டிருந்தீங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழும்போது அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: “சின்ன வீடுன்னு சொன்னது நீங்கதானே?”

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன்.

“வீட்டுல சொன்னேன். ரொம்ப நாள் கழிச்சு விழுந்து விழுந்து சிரிச்சா. அதுலருந்து நான் உள்ள நுழைஞ்சா, ‘பெரிய வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா’ன்னு கேக்குறா.”

திட்டியிருக்கலாம் மனுஷன்.

மார்ச் 18, செவ்வாய்

மேலாளர் அறைக் கதவு வரை போனேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 19, புதன்

அதே கதவு. அதே தண்ணீர்.

மார்ச் 21, வெள்ளி

“எப்ப சொல்லப்போறீங்க?” என்றாள் மனைவி.

“நேரம் பாத்துச் சொல்லணும்.”

“அவருக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நீங்க நல்ல நேரம் பாருங்க.”

எனக்கு மட்டும் உப்புப் போடாமல் பரிமாறினாள். ஒன்றுமே போடாத குழாயாம்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்த அழகான வாக்கியங்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன.

“நான் எதுவும் செய்யல சார். நான் எழுதினத மெஷின் படிக்கவே இல்ல. செஞ்சது மெஷின் ரூம்காரர். ரெண்டு நிமிஷத்துல.”

ஸ்டாப்வாட்ச் முதன்முறையாக மணிக்கட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“பதினாலாந்தேதி.”

இப்போது மணிக்கட்டைப் பார்த்தார். “பத்து நாள். பழைய பில்டே நாலு மணி நேரம்தாங்க.”

போகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 26, புதன்

ஒரு தகவலும் இல்லை. மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். பன்னிரண்டு வருடத்தில் சேர்ந்தவை: பேனா மூடிகள், யாருடையதோ ஒரு செருப்பு வார், மூன்று கண்ணாடிக் கூடுகள். பார்ப்பவர்கள் நான் கிளம்பப் போவதாக நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.



மார்ச் 28, வெள்ளி

அவருடைய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பில்டும் இனி அவர் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே, ஆறு மாதத்துக்கு. “அப்புறம் பாக்கலாம்” என்றார் ஸ்டாப்வாட்ச். என் மேசை மெஷின் ரூமுக்கு வந்துவிட்டது. மனைவியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொத்தான்கள் இடப்பக்கம்.

பன்னிரண்டரைக்கு அவர் கிளம்பியதும் கதவில் ஒரு தலை எட்டிப் பார்த்துக் கண்ணடித்தது. “என்ன சார், உங்க பாஸ் எந்த வீட்டுக்கு?”

“இருக்கறதே ஒண்ணுதான்யா” என்றேன். அவன் நம்பவில்லை. நான் கட்டிய கதை, என்னைவிடத் திடமாக நிற்கிறது.

அவர் திரும்பி வந்ததும் இருவருமாகத் தேடினோம். பில்ட் எங்கள் கோப்பைப் படிக்கவில்லை என்றால் வேறு எதைப் படிக்கிறது? அது ஓடும்போது எழுதும் பதிவை வரி வரியாகப் பார்த்து, மூன்று போல்டர் தள்ளி ஒரு கோப்பைக் கண்டுபிடித்தார். திறந்தோம். என் ஏழு மாற்றங்களில் ஐந்து அங்கே ஏற்கெனவே இருந்தன.

“யாரோ விவரமான ஆளு” என்றார்.

தலைப்பில் இரண்டு வரிக் குறிப்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, கீழே என் பெயர்:

“பழைய செட்டிங்ஸ் கோப்பு இன்றோடு செல்லாது, திங்கட்கிழமை அழித்துவிடுகிறேன், அதுவரை யாரும் தொடாமலிருக்க அதிலும் ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன். அதையும் மீறி யாராவது அதில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தால், பாவம், சொல்லிவிடவும்.”