எலக்ட்ரான் ஏன் விழவில்லை

செவ்வாய், இரவு.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் வேலைக்காக இன்று மாதிரி வகுப்பு எடுத்தேன். தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார். புத்தகத்தில் உள்ளபடி நடுவில் அணுக்கருவையும், சுற்றிலும் எலக்ட்ரானுக்கு ஒரு வட்டத்தையும் போட்டேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "சுத்திக்கிட்டே இருந்தா அதோட சக்தி கொறஞ்சு உள்ள விழுந்துறாதா மிஸ்?"

"விழுந்துரும். அதனால இந்தப் படமே தப்பு" என்றேன். வட்டத்தை அழித்துவிட்டு அந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வைத்தேன். எலக்ட்ரானுக்குப் பாதை கிடையாது, அது இருக்க வாய்ப்பு அதிகமான இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, பரீட்சையில வட்டம் போட்டாத்தானே மார்க்கு?"

"மார்க்குக்கு வட்டம் போடச் சொல்லுவேன் சார். கேக்குற புள்ளைகிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"சரி, சொல்லி அனுப்புறோம்" என்றார். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி படியிறங்கினேன். தலைமையாசிரியர் பின்னாலேயே வந்தார்.

"செத்த நில்லும்மா. நெசமாவே அது ஏன் உள்ள விழ மாட்டேங்குது?"

"திங்கக்கிழமை வகுப்புல சொல்றேன் சார்."

சிரித்துவிட்டார். வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பதிலை மட்டும் இப்போதே தயார் செய்து வைத்துவிட்டேன்.