திறக்க மறுத்த பென் டிரைவ்

அத்தை,

வீடு மாற்றுவதற்காக நேற்று கணினி மேசையை நகர்த்தினோம். சுவரோரமாக அந்த நீலப் பென் டிரைவ் தூசி படிந்து கிடந்தது. கையில் எடுத்துத் தூசியைத் துடைத்தேன். நீங்கள் கண்மூடி ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பிற்பகலைப் பற்றி முழுதாகப் பேச உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை.

கல்யாணமாகி இரண்டாவது வருடம். மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்த உங்கள் மகனை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லாரி தட்டிவிட்டது. நாவலூர் அலுவலகத்திலிருந்து அடித்துப்பிடித்து நான் குரோம்பேட்டை மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு நினைவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று மருத்துவர் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புனேயில் வேலை பார்த்த காலத்தில் அவருக்குக் குடல்வால் எடுத்திருந்தார்கள். அன்று கொடுத்த மருந்து ஒன்று ஒத்துக்கொள்ளாமல் மூச்சே நின்றுபோய்ப் பிழைத்தாராம். மருந்தின் பெயர் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த மருத்துவமனைக் காகிதத்தை ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டு வைத்திருந்தார்.

"கால் மணி நேரம் பாக்கலாம்மா. அதுக்கு மேல தெரியாமலேதான் பண்ணணும்," என்றார் மருத்துவர்.

தாம்பரம் வீட்டில் நீங்கள் மட்டும் இருந்தீர்கள். தொலைபேசியில் நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் என்ன பண்ணணும், அத சொல்லு," என்றீர்கள்.

நம் கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான் இருந்தது. பென் டிரைவைச் செருகினால் அதன் படம் திரையில் தானாகத் தெரியும். அன்று தெரியவில்லை. வேறு துளையில் செருகச் சொன்னேன். "அதுலயும் ஒண்ணும் வரலம்மா." கட்டளையைத் தட்டி நாமே அதை இணைத்தாக வேண்டும். தொலைபேசி கூடத்தில், கணினி உள்ளறையில், ஒயர் எட்டாது. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர் நீங்கள். நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, குறித்துக்கொண்டு, ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, முட்டிவலிக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போவீர்கள். நீங்கள் நடப்பதும் தட்டுவதும் திரும்பி வருவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"'ஒன்லி ரூட் கேன் டூ தட்'னு வருது. யாரும்மா அந்த ரூட்டு? அவர எங்க போய்த் தேடுறது?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கணினியை முழுதாக ஆளும் கணக்குக்குத்தான் அந்தப் பெயர்; அதன் அதிகாரத்தில் ஓடும்படி கட்டளையை மாற்றிச் சொன்னேன். இப்போது கடவுச்சொல் கேட்டது. அது அவருக்கு மட்டுமே தெரிந்தது. அவர் பிறந்த தேதியைச் சொன்னேன். போய்த் தட்டிவிட்டு வந்து, "தப்புன்னு சொல்லுது," என்றீர்கள். தயங்கித் தயங்கி என் பெயரைச் சொன்னேன். திரும்பி வந்து, "அதுவும் இல்லம்மா," என்றீர்கள்.

நர்ஸ் கதவைத் திறந்து கடிகாரத்தைக் காட்டினார்.

"அவ்ளோதான் அத்தை. எனக்கு வேற எதுவும் தெரியல. நாமளே அவர அனுப்பி வச்சிடப் போறோம்."

பிறகு, "அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம். இரு," என்றீர்கள்.

மழை கொட்டுவது போலத் தட்டுகிறவர், இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக, விட்டு விட்டுத் தட்டினீர்கள்.

"இப்ப ஒண்ணுமே சொல்லல. சும்மா இருக்குது."

"தப்புன்னு சொல்லலன்னா சரியாயிடுச்சு அத்தை."

கோப்பைத் திறந்து, மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தீர்கள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ட்ரேயில் தயாராக இருந்த ஊசி ஒன்றை எடுத்து அப்பால் வைத்தார்.

அவர் பிழைத்தார். மூன்றாம் நாள், வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கடவுச்சொல் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அவன் தட்டுறப்ப விரலப் பாத்திருக்கேன். எந்த விரல் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா? உன் மாமனார் பேரு."

உங்கள் மகனின் ஒன்பது வயதில் வீட்டை விட்டுப் போனவர் அவர். அவர் பெயர் நம் வீட்டில் இனிஷியலாக மட்டுமே இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

"மொதல்லயே தெரியுமா அத்தை?"

"தெரியும். நீ சொல்றதுல ஒண்ணா இருந்துடக் கூடாதான்னு பாத்தேன். ரெண்டு தடவ வீணாக்கிட்டேன். அதுக்குள்ள அவனுக்கு ஏதாவது..." முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். வைராக்கியத்துல நான் சொல்லாத பேரு. அவனாவது எழுதிக்கிட்டுப் போகட்டும்." உங்கள் மகன் கேட்டால் நான்தான் சரியாக ஊகித்தேன் என்று சொல்லச் சொன்னீர்கள். அவர் கேட்கவே இல்லை.

நீங்கள் போன அன்று, எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் என் மடியில் படுத்து அழுதார். "அம்மாவுக்குத் தெரியாம அப்பாவ நெனச்சிக்கிட்டே இருந்திருக்கேன். தெரிஞ்சிருந்தா தாங்கியிருக்க மாட்டாங்க," என்றார்.

நான் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை, அத்தை. இன்றுவரை சொல்லவில்லை.