வரைவதற்கு ஒரு முகம்

ரெஜிஸ் அம்மாவுக்கு,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டெல்பின் டீச்சர் எழுதுகிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து மைத்ரேயி என்றொரு ஓவியர் வந்தார். சினிமாக்காரர்களின் முகங்களைப் பெரிதாக வரைகிறவராம். சிரிப்பு நடிகன் என்று என்னையும் தேடி உறையூருக்கு வந்துவிட்டார். எடுத்த உடனே படத்தைத் துப்பும் கேமரா வைத்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வரைவாராம்.

முதல் படத்துக்கு வழக்கம்போலக் கண்ணை உருட்டிச் சிரித்தேன். "வீட்டுல அம்மா எங்கங்க?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவதை எடுத்துவிட்டார். வெள்ளை அட்டையில் மெல்ல ஒரு கிழவன் வந்தான்.

"இதைத்தான் வரையப்போறேன், சரியாங்க?"

"இந்த ஆளை எனக்குத் தெரியாதேம்மா" என்றேன். இரண்டையும் என்னிடமே விட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

ஊரே சிரித்தது முதல் முகத்துக்கு. இரண்டாவதும் நான்தானா? ஒரே குழப்பமாக இருக்கிறது. அப்படி ஒரு முகம் எனக்கு இருந்தால் நீதான் பார்த்திருப்பாய். மேடையில் உன்னைக் கேலி செய்து ஊரைச் சிரிக்கவைத்தது, நீ கோபித்துக்கொண்டு தொட்டியத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனது, அதெல்லாம் இப்போது வேண்டாம். எதை வரையலாம் என்று மட்டும் சொல்.

தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. இந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாதாம். "செல்லுல எடுத்து அனுப்பிட்டா அம்மா இப்பவே பார்த்துடுவாங்களே, ஐயா" என்கிறார் டீச்சர்.

செல்போனில் முகம் சரியாகத் தெரியாது, நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்